வாளேந்திய துறவும் நமது திருச்சபையும்
பெர்னார்டின் நூலைக் குறித்து உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்து ஒரு திறனாய்வு

இறையியற் கல்லூரிகளில் திருச்சபை வரலாறு பயிலும் மாணவர், சிலுவைப் போர்களைப் படிக்கும்போது துறவற வீரர் சபைகளைப் பற்றியும் ஓரிரு பத்திகள் படிக்கின்றனர். ஆலய வீரர், மருத்துவமனை வீரர், டியூட்டானிய வீரர் என்னும் மூன்று பெயர்களும் அவற்றிற்குரிய ஆண்டுகளும் தேர்வுக்காக மனத்தில் இருத்தப்பெற்று, தேர்வு முடிந்ததும் மறக்கப்படுகின்றன. கதைநூல்களும் திரைப்படங்களும் இச்சபைகளைப் புதையல், மறைபொருள், சாபம் ஆகியவற்றோடு இணைத்துப் பேசி மகிழ்கின்றன. பாடநூலும் கதைநூலும் ஒரு வினாவை எழுப்புவதில்லை. மலைப்பொழிவை நாள்தோறும் ஓதிய துறவி, எத்தகைய இறையியலின் துணையால் வாளைத் தூயதென்று கருதிக் கையில் எடுத்தான்?

இவ்வினாவுக்கு விடையாக அமைந்த நூல் ஒன்று உண்டு. கிளேர்வோ மடத்தின் தலைவரான பெர்னார்டு, ஆலய வீரர் சபைக்காக எழுதிய 'புதிய படைத்தொண்டின் புகழ்ச்சி' என்னும் இலத்தீன் சிறுநூலே அது. அந்நூலின் வாதத்தையும் அதன் விளைவுகளையும் ஆராய்ந்து, அவ்வாதத்தின் நிழல் தமிழ் மண்ணிலும், சிறப்பாக மதுரைக்கு மேற்கேயுள்ள உசிலம்பட்டி வட்டாரத்திலும் எவ்வாறு படிந்துள்ளது என நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். உரோமைத் திருச்சபையின் பழங்குறையைச் சீர்திருத்தத் திருச்சபையார் எடுத்துக்காட்டி மகிழும் பொருட்டு இதனை நாம் எழுதவில்லை. நமக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு என்பது பின்னர் விளங்கும்.

1. கட்டிலிலிருந்து கோட்டைக்கு

இச்சபைகளுள் மூத்தது மருத்துவமனைச் சபை. முதலாம் சிலுவைப் போருக்கு முன்பே அமால்பி நகர வணிகரின் ஆதரவில் எருசலேமில் திருப்பயணிகளுக்கான விடுதியொன்று நடைபெற்று வந்தது. அதன் தலைவரான ஜெரார்டுக்கு 1113இல் இரண்டாம் பாஸ்கல் என்னும் போப்பு பாதுகாப்பு ஆணை வழங்கினார். நோயாளிகளைத் தங்கள் எசமானராகக் கருதிப் பணிபுரிவது இச்சபையாரின் ஒழுங்கு. கிறிஸ்தவரல்லாத நோயாளிகளையும் அவர்கள் ஏற்றுக்கொண்டனர். எனினும் ஜெரார்டுக்குப் பின் வந்த ரேமண்டு தெ பூயி காலத்தில், 1136இல் பெத்கிபெலின் கோட்டையின் காவல் இவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது. நோயாளியின் கட்டிலருகே தொடங்கிய பணி கோட்டை மதிலுக்கு நகர்ந்தது.

ஆலய வீரர் சபை வேறு வழியில் தோன்றியது. 1120ஆம் ஆண்டையொட்டி ஹியூ தெ பெயின் என்பவரும் அவருடைய தோழர் சிலரும் திருப்பயணிகளின் வழியைக் காப்பதாகப் பொருத்தனை செய்தனர். எருசலேம் அரசர் இரண்டாம் பால்ட்வின் அவர்களுக்கு ஆலய மேட்டில் இடமளித்தார். அதனாலேயே அவர்களுக்கு ஆலய வீரர் என்னும் பெயர் உண்டாயிற்று. 1129இல் திரோவா நகரில் கூடிய சங்கம் அவர்களுக்கு ஒழுங்கு விதிகளை வகுத்தது. 1139இல் இரண்டாம் இன்னசென்ட்டு, அவர்களை ஆயர்களின் அதிகாரத்திலிருந்து விலக்கி நேரே போப்பாண்டவருக்குக் கீழ்ப்படுத்தினார்.

டியூட்டானிய வீரர் சபையோ 1190இல் ஆக்கர் முற்றுகையின்போது ஜெர்மானிய வணிகர் அமைத்த போர்க்கள மருத்துவமனையில் தோன்றி, 1198இல் படைச் சபையாயிற்று. பின்னர் 1230 முதல் பால்டிக் கரையில் பிரஷ்யரை வென்று தனி அரசையே அது நிறுவிக்கொண்டது.

இம்மூன்றனுள் இரண்டு மருத்துவப் பணியில் தொடங்கியவை; மூன்றாவது வழிப்போக்கரைக் காக்கும் பணியில் தொடங்கியது. இவற்றைத் தொடங்கியோர் கொடியோரல்லர், எளியோர்மீது இரக்கங்கொண்டோர். அவ்விரக்கம் அதிகாரத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டபோது என்னவாயிற்று என்பதே இவ்வரலாற்றில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது.

2. பெர்னார்டின் வாதம்

பெர்னார்டின் நூல் ஒரு முன்னுரையும் பதின்மூன்று அதிகாரங்களும் கொண்டது. ஹியூ பலமுறை கேட்டுக்கொண்டதன்பேரில் எழுதப்பட்டது. முற்பகுதி வீரரைப் பற்றியது. பிற்பகுதி பெத்லகேம், நாசரேத்து, ஒலிவமலை, யோர்தான், கல்வாரி, கல்லறை முதலிய திருத்தலங்களைப் பற்றிய தியானம். அவற்றுள் ஆண்டவரின் கல்லறையைப் பற்றிய அதிகாரமே மிக நீண்டது. வாளேந்தும் வீரனுக்கு எழுதிய நூலின் பெரும்பகுதி, அவன் காவல்புரியும் இடங்களை அவன் உள்ளத்தில் தியானப் பொருளாக்க முயல்கின்றது. இதனை வெறும் போர் முழக்கம் என்று தள்ளிவிட இயலாது.

உலகியல் வீரரைப் பெர்னார்டு கண்டிக்கும் பகுதி இன்றும் வலிமையுடையது. குதிரைக்குப் பட்டு போர்த்தி, ஆயுதங்களைப் பொன்னாலும் மணியாலும் அணிசெய்து, பெண்களைப் போலக் கூந்தல் வளர்த்துத் திரிவோர் போருக்குச் செல்கிறார்களா, அலங்காரத்திற்குச் செல்கிறார்களா என்று அவர் ஏளனம் செய்கின்றார். அவர்களைப் போருக்கு இழுப்பவை காரணமற்ற சினம், வீண்புகழ் ஆசை, பிறர் நிலத்தின்மீதுள்ள பேராசை ஆகியவையே என்றும் சுட்டுகின்றார். அத்தகைய போரில் கொல்வோனும் கெடுகிறான், கொல்லப்படுவோனும் கெடுகிறான் என்பது அவருடைய துணிபு. ஐரோப்பியப் பிரபுக்களின் முகத்துக்கு எதிரே இவ்வாறு எழுதிய துணிவை நாம் பாராட்டுகின்றோம்.

ஆனால் இக்கண்டனத்திலிருந்து அவர் எடுக்கும் அடுத்த அடியே ஆய்வுக்குரியது. போர் தவறாவது வீரனின் உள்நோக்கத்தினால் என்றால், அந்நோக்கத்தைத் தூய்மையாக்கிவிட்டால் போரும் தூய்மையாகிவிடும் என்று அவர் முடிவுசெய்கின்றார். கிறிஸ்துவுக்காகக் கொல்வோன் பாவஞ்செய்யான். கிறிஸ்துவுக்காக மடிவோன் அவரையே அடைகிறான். தீயோனைக் கொல்வது ஆட்கொலையன்று, தீமைக்கொலை என்பதற்காக இலத்தீனில் ஒரு சொல்லிணையையே அவர் ஆள்கின்றார். யோவான்ஸ்நானன் போர்ச்சேவகரைத் தொழிலைக் கைவிடும்படி சொல்லவில்லை என்பதையும் (லூக்கா 3:14), அதிகாரி வாளை வீணாக ஏந்தவில்லை என்னும் பவுலின் கூற்றையும் (ரோமர் 13:4) சான்றாகக் கொள்கின்றார்.

நடுநிலை கருதி ஒன்றைச் சேர்த்துக் கூறவேண்டும். பிற சமயத்தாரின் ஒடுக்குமுறையைத் தடுக்க வேறு வழியிருக்குமாயின் அவர்களைக் கொல்லலாகாது என்றும் பெர்னார்டு எழுதியுள்ளார். அவ்வொரு வரம்பு நூலில் உள்ளது. நூலின் வேகத்தில் அது அடித்துச் செல்லப்படுகின்றது.

3. கொல்லப்படுவோன் எங்கே?

இந்நூலின் அடிப்படைக் குறை யாது? துறவும் போரும் பொருந்தா என்று பொதுவாகக் கூறுவது எளிது. நமது கணிப்பில் குறை அதனினும் ஆழமானது. பெர்னார்டின் தராசில் ஒரே ஓர் ஆன்மா நிறுக்கப்படுகின்றது. அது கொல்வோனுடைய ஆன்மா. அவன் சினத்தோடு வெட்டினானா, பக்தியோடு வெட்டினானா என்பதே ஆராயப்படுகின்றது. வெட்டுண்டவனுக்கு அங்கே பெயரில்லை, ஊரில்லை, தாயில்லை. அவன் இறைச்சாயலில் படைக்கப்பட்டவன் (ஆதியாகமம் 1:27, 9:6) என்னும் உண்மை அந்தத் தராசின் தட்டில் ஏறுவதே இல்லை.

தீமைக்கொலை என்னும் சொல்லே இம்மறைவை நிகழ்த்துகின்றது. திருமறையில் தீமை மனிதன் செய்யும் செயலாகவும், அவனை அடிமைப்படுத்தும் வல்லமையாகவும் பேசப்படுகின்றது. மனிதனே தீமையாகிவிட்டான் என்று திருமறை எங்கும் கூறவில்லை. பெர்னார்டின் சொல்லாக்கத்தில் இவ்வேறுபாடு அழிகின்றது. செயலிலிருந்த தீமை ஆளுக்கு மாறுகின்றது. ஆளிலிருந்து அவனுடைய இனத்துக்கு மாறுகின்றது. இம்மாற்றம் நிகழ்ந்துவிட்டால், அவ்வினத்தில் பிறந்த குழந்தையும் பிறக்கும்போதே தீமையின் பக்கத்தில் எண்ணப்படும்.

சமாரியர் ஊரொன்று ஆண்டவரை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்க வேண்டுமென யாக்கோபும் யோவானும் வேண்டினர் (லூக்கா 9:51–56). அவர்களுடைய நோக்கம் தூய்மையானதே. ஆண்டவருக்காகவே அவர்கள் சினந்தனர். ஆயினும் ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டு வேறொரு கிராமத்துக்குப் போனார். நோக்கத்தின் தூய்மை போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பெர்னார்டு இப்பகுதியின் முன் நின்றிருப்பாராயின் அவருடைய நூல் வேறாக அமைந்திருக்கும்.

4. உள்ளிருந்து எழுந்த மறுப்பு

அக்காலத்தில் அனைவரும் அவ்வாறே எண்ணினர், இன்றைய அளவுகோலால் அவர்களை அளக்கலாகாது என்று கூறுவோருண்டு. வரலாறு அக்கூற்றுக்கு இடந்தரவில்லை. பெர்னார்டின் சிஸ்டர்சியத் துறவற மரபைச் சேர்ந்தவரும் எத்துவால் மடத்தின் தலைவருமான ஈசாக்கு, ஈட்டியாலும் தடியாலும் பிறரை விசுவாசத்துக்குள் தள்ள முயலும் புதிய படைத்துறவைத் திருச்சபைக்குள் தோன்றிய விகாரப் பிறவியாகவே கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரோஜர் பேக்கன், டியூட்டானிய வீரரின் ஆதிக்க ஆசையே பால்டிக் மக்களின் மனமாற்றத்துக்குத் தடையாயிற்று என்று எழுதினார்.

இவர்களினும் ஆழமாகச் சிந்தித்தவர் போலந்து நாட்டுச் சட்ட அறிஞர் பவுல் விளாட்கோவிட்ஸ். கிராகோவ் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த இவர், கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கத்தில் (1414–1418) டியூட்டானிய வீரருக்கு எதிராக வாதிட்டார். கிறிஸ்தவரல்லாதாருக்கும் தம் நிலத்தின்மீதும் ஆட்சியின்மீதும் நியாயமான உரிமையுண்டு. அவர்கள் அமைதியாக வாழும்வரை அவர்கள்மீது போர் தொடுப்பது அநீதி. வாளால் விசுவாசத்தைப் புகுத்துதல் தகாது என்பன அவருடைய கொள்கைகள். பெர்னார்டின் தராசில் இடம்பெறாத மனிதனை, உரிமையுடைய மனிதனாகச் சங்கத்தின் நடுவில் நிறுத்தியவர் இவரே. வரலாறும் இவருக்குச் சான்று பகர்ந்தது. நூறாண்டுக்கு மேலாக வீரர்கள் தொடுத்த படையெடுப்புகளால் கிறிஸ்தவமாகாத லிட்டுவேனியா, அதன் கோமகன் 1386இல் போலந்து அரசியை மணந்து திருமுழுக்குப் பெற்றபின் வாளின்றிக் கிறிஸ்தவ நாடாயிற்று. நம் பாடத்திட்டங்களில் விளாட்கோவிட்ஸின் பெயர் அரிதாகவே காணப்படுகின்றது.

சீர்திருத்தம் இக்குறையை நீக்கியதா? 1523இல் லூத்தர் டியூட்டானிய வீரருக்கு ஓர் அறிவுரை நூல் எழுதினார். அதில் அவர் முதன்மையாகத் தாக்கியது அவர்களுடைய மணத்துறவுப் பொருத்தனையை. 1525இல் சபையின் தலைவரான ஆல்பிரெக்ட்டு லூத்தரின் சார்பில் சேர்ந்து, சபையின் பிரஷ்ய நாட்டைத் தம் பரம்பரைக் கோமகன் ஆட்சியாக மாற்றிக்கொண்டார். பொருத்தனை போயிற்று, வாளும் நிலமும் அவர் கையிலேயே தங்கின. துருக்கியரைப் பற்றி 1529இல் எழுதிய நூலில், கிறிஸ்துவின் பெயரால் படை நடத்தலாகாது, அரசன் அரசன் என்ற முறையிலேயே போரிட வேண்டும் என்று லூத்தர் வரையறுத்தது உண்மை. சிலுவைப் போர்க் கொள்கைக்கு அது பலத்த அடி. ஆயினும் அரசின் கையில் வாளை முழுவதுமாக ஒப்படைத்துவிட்டுத் திருச்சபை ஒதுங்கி நிற்கும் பழக்கத்துக்கும் அதுவே வழிவகுத்தது. அரசின் வாள் அநீதியாக ஓங்கும்போது திருச்சபை என்ன செய்யும் என்னும் வினா எஞ்சி நின்றது.

5. தமிழ்க் கரைக்கு வந்த சிலுவைக் கொடி

இவையெல்லாம் ஐரோப்பாவின் கதை என்று எண்ணற்க. ஆலய வீரர் சபையின் ஒரு கிளை தமிழ்க் கரைவரை நீண்டது.

பிரான்சு அரசன் நான்காம் பிலிப்பு, 1307ஆம் ஆண்டு அக்டோபர் 13இல் தன் நாட்டிலிருந்த ஆலய வீரரைச் சிறைப்பிடித்தான். 1312இல் வியன்னே சங்கத்தின்போது ஐந்தாம் கிளமெந்து அச்சபையைக் கலைத்தார். போர்த்துக்கல் அரசர் தினிஸ் தம் நாட்டிலிருந்த அச்சபையின் உடைமைகளைக் கைவிட விரும்பவில்லை. அவருடைய வேண்டுகோளின்படி, 1319இல் இருபத்திரண்டாம் யோவான் என்னும் போப்பு 'கிறிஸ்துவின் வீரர் சபை' என்னும் புதிய சபையை அவ்வுடைமைகளைக்கொண்டு நிறுவினார். இதன் ஆட்சியாளராக 1420இல் அமர்ந்தவரே கடலோடி ஹென்றி எனப் புகழ்பெற்ற இளவரசர். ஆப்பிரிக்கக் கரையோரமாகச் சென்ற கப்பல்களுக்கு இச்சபையின் வருவாய் உதவியது. 1456இல் மூன்றாம் காலிக்ஸ்து, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியத் திசைவரையுள்ள நாடுகளின் ஆன்மிக அதிகாரத்தை இச்சபைக்கு வழங்கினார். இந்தியாவை ஒரு போர்த்துக்கீசியரும் கடல்வழியாக வந்து காண்பதற்கு முன்னரே, இந்திய ஆன்மாக்களின் பொறுப்பு ஒரு படைச் சபைக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. 1551இல் இச்சபையின் தலைமை போர்த்துக்கல் அரசுடன் நிலையாக இணைக்கப்பட்டது. பதுரவாதோ என்று நாம் படிக்கும் அரசுப் புரவலுரிமையின் வேர்களுள் ஒன்று இது.

முத்துக்குளித்துறைப் பரதவரின் மனமாற்றத்திலும் இச்சபையின் முத்திரையைக் காணலாம். முத்துக்குளிப்புத் தொடர்பான மோதல்களால் நெருக்குண்டிருந்த பரதவருக்குப் போர்த்துக்கீசியரின் உதவியை நாடும்படி வழிகாட்டியவர் ஜான் தா குரூசு என்னும் மலபார் வணிகர். இளமையில் லிஸ்பன் சென்று திருமுழுக்குப் பெற்று, கிறிஸ்துவின் வீரர் சபையின் அங்கியையும் பெற்றுத் திரும்பியவர் இவர். பரதவத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்றனர். 1535 முதல் 1537 வரை ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியப் படை அவர்களுடைய எதிரிகளை வென்றது. திருமுழுக்கும் படைப் பாதுகாப்பும் ஒரே உடன்படிக்கையின் இரு பக்கங்களாயின. பரதவர் அவ்விசுவாசத்தைத் தமதாக்கிக்கொண்டு நூற்றாண்டுகளாகக் காத்து வந்துள்ளனர் என்பதை நாம் மதிப்புடன் ஏற்கிறோம். நாம் வினவுவது அவர்களுடைய விசுவாசத்தையன்று, அது கொண்டுவரப்பட்ட கலத்தையே. 1542இல் வந்த பிரான்சிசு சவேரியாரே, போர்த்துக்கீசிய அதிகாரிகளின் பேராசை இம்மக்களை வருத்துவதைக் கண்டித்துக் கடிதங்கள் எழுத நேர்ந்தது.

கரையில் நிகழ்ந்ததன் விலையை உள்நாட்டில் மதுரை உணர்த்தியது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்தபோது, அங்கு முன்னரே பணிபுரிந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் குருவுக்கு அந்நகர மக்களிடையே பயன் ஏதும் கிட்டவில்லை. இவர் ஒருகாலத்தில் போர்வீரராயிருந்தவர். கிறிஸ்தவராவது என்பதைப் பரங்கிக் குலத்தில் சேர்வதாகவே மக்கள் புரிந்துகொண்டனர். பரங்கி என்னும் சொல்லில் படையும் கப்பலும் ஆதிக்கமும் அடங்கியிருந்தன. அதனின்று விலகிக்கொள்ள நொபிலி சந்நியாசிக் கோலம் பூண்டார். அவருடைய வழி சாதிப் பிரிவினையை ஏற்றுக்கொண்டது என்பது தனியாகத் திறனாயத்தக்கது. எனினும் வாளோடு வந்த சிலுவையை மதுரை மக்கள் வாளாகவே கண்டனர் என்பதை அவர் சரியாகக் கணித்தார்.

6. உசிலம்பட்டியின் வினா

இனி, மதுரைக்கு மேற்கே நாகமலைத் தொடரைக் கடந்து உசிலம்பட்டிக்கு வருவோம். இங்குப் படைச் சபைகள் வந்ததில்லை, கோட்டை கட்டியதுமில்லை. ஆயினும் பெர்னார்டின் சொல்லிணையில் நாம் கண்ட அந்த மாற்றம், அதாவது தீமையைச் செயலிலிருந்து ஆளுக்கும் ஆளிலிருந்து இனத்துக்கும் மாற்றும் முறை, வேறொரு கையால் இங்கே சட்டமாக எழுதப்பட்டது. ஆங்கில அரசு பெர்னார்டைப் படித்துச் சட்டம் செய்தது என்று நாம் கூறவில்லை. மனித உள்ளம் ஒரே பிழையை வெவ்வேறு காலங்களில் புதிதாகக் கண்டுபிடிக்கின்றது என்றே கூறுகின்றோம்.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இதன்படி பிரமலைக் கள்ளர் சமூகம் பிறப்பாலேயே குற்றவாளி எனப் பதியப்பட்டது. ஒருவன் திருடினானா என்று நீதிமன்றம் கேட்கவில்லை. எக்குலத்தில் பிறந்தான் என்றே காவல்நிலையம் கேட்டது. ஆடவர் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல்நிலையத்துக்கோ குறித்த இடத்துக்கோ வந்து தங்க வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு பெற வேண்டும். ரேகைச் சட்டம் என்னும் பெயரால் இவ்வட்டார முதியோர் இதனை நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர்.

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிக்க மறுத்தபோது காவற்படை சுட்டது. ஒரு பெண் உட்படப் பதினைந்து பேருக்கு மேல் மாண்டனர். போதகர்களாகிய நாம் அந்நாளைத் திருச்சபை நாட்காட்டியில் தேடிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள் உயிர்த்தெழுதல் ஞாயிறு. துப்பாக்கிகள் வெடித்த நாள், ஆண்டவர் கல்லறையில் கிடந்ததை நாம் நினைவுகூரும் பரிசுத்த சனிக்கிழமை. கல்லறையைப் பற்றியே மிக நீண்ட தியானத்தை எழுதிய பெர்னார்டின் நூலை, இந்நாளை மனத்தில் கொண்டு மீண்டும் வாசித்தால், அந்நூலில் இல்லாத முகங்கள் யாவை என்பது விளங்கும். ஆண்டவரும் சட்டத்தின் பெயரால், மக்களின் நன்மை கருதி, குற்றவாளிகளோடு எண்ணப்பட்டே கொல்லப்பட்டார் (மாற்கு 15:28, யோவான் 11:50).

திருச்சபை எங்கே நின்றது? சென்னை மாகாணத்தில் இச்சட்டத்துக்குட்பட்டோருக்கான குடியிருப்புகள் சிலவற்றை நடத்தும் பொறுப்பை அரசு மிஷன்களிடம் ஒப்படைத்தது. ஆந்திரப் பகுதியில் ஸ்டூவர்ட்டுபுரம் இரட்சணிய சேனையிடமும், காவலி அமெரிக்க பாப்திஸ்து மிஷனிடமும் இருந்தன. இரட்சணிய சேனையார் 1882இல் இந்தியாவுக்கு வந்தபோது காவியுடுத்தி, எளியோரோடு எளியோராக வாழ்ந்து, பம்பாயில் ஊர்வலம் சென்றதற்காக ஆங்கில அரசாலேயே சிறைப்பட்டவர்கள். பெயரில் சேனையாயினும் கையில் வாளில்லாதவர்கள். குடியிருப்புகளில் அவர்கள் பள்ளியும் தொழிலும் மருத்துவமும் தந்தனர். அப்பணியின் அன்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அன்பு செய்வோர் கையிலேயே வருகைப் பதிவேடும் வெளியேறும் சீட்டும் இருந்தன. எருசலேமில் கட்டிலிலிருந்து கோட்டைக்கு நிகழ்ந்த நகர்வையே இங்கும் காண்கின்றோம். இரக்கம் அரசின் காவலதிகாரத்தைக் கடனாகப் பெறும்போது, தான் யாருக்காகப் பணிபுரிகின்றது என்பது மெல்ல மறைந்துவிடுகின்றது.

விளாட்கோவிட்ஸைப் போன்ற குரல் இங்கும் எழாமலில்லை. செங்கன்னூரில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் (1887–1938), இச்சட்டத்துக்கெதிராகக் கள்ளர் மக்களுக்காக வாதாடினார், எழுதினார். குற்றம் செய்தவனைத் தண்டிப்பது வேறு, ஒரு குலத்தையே குற்றமாக்குவது வேறு என்பதே அவர் நிலை. மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். அவர் குருவல்லர், மிஷன் ஊழியரல்லர். ஆயினும் இவ்வட்டாரத்தில் கிறிஸ்துவின் பெயர் துரையின் துப்பாக்கியோடு மட்டும் எண்ணப்படாதவாறு காத்தவர்களுள் ஒருவர் என்று துணிந்து கூறலாம். ப. ஜீவானந்தம், முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் போராட்டங்களுக்குப் பின், 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது.

இங்கு ஒன்றை மறைத்தல் உண்மைக்கு மாறாகும். பிறப்பால் குற்றவாளி என்னும் முத்திரையைச் சுமந்தவர்களின் ஊர்களிலேயே, பிறப்பால் தாழ்ந்தவர் என்னும் முத்திரை தலித் மக்கள்மீது குத்தப்பட்டிருந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஆகிய ஊராட்சிகளில் தலித்துகளுக்கென ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி, 1996 முதல் பத்தாண்டுகள் முறையாக நிரப்பப்படாமல் தடுக்கப்பட்டு, 2006இலேயே தேர்தல் செவ்வையாக நடைபெற்றது. துன்புற்றோர் என்பதனால் ஒருவர் துன்புறுத்தார் என்பதில்லை. மனிதனைப் பிறப்பில் அடைத்துத் தீர்ப்பிடும் அந்தப் பழைய தராசு கைமாறிக்கொண்டே செல்கின்றது. நமது திருச்சபைகளுக்குள்ளும், கல்லறைத் தோட்டங்களிலும், திருமண ஏற்பாடுகளிலும் அத்தராசு தொங்குவதை யார் மறுக்க இயலும்?

7. நமது பிரசங்கபீடம்

இன்று நம் போதகர் எவரும் வாளேந்தவில்லை. ஆனால் சொற்கள் எஞ்சியுள்ளன. சிலுவைப்போர் என்னும் பெயரில் கூட்டங்கள் நடத்துகின்றோம். கிராமங்களைச் சாத்தானின் கோட்டைகள் என வரைபடத்தில் குறித்து, முற்றுகை ஜெபம் செய்கின்றோம். மக்கள் குலதெய்வத்தின் முன் கூடும் இடத்தைப் பகைவன் பாசறையாகப் பேசுகின்றோம். இவ்வுருவகங்களுக்குத் திருமறையில் இடமுண்டு என்பர். உண்டு, ஆனால் வரம்போடு உண்டு. எபேசியர் 6ஆம் அதிகாரத்தில் சர்வாயுதவர்க்கத்தை எடுக்கச் சொல்லும் பவுல், மாம்சத்தோடும் இரத்தத்தோடும் நமக்குப் போராட்டமில்லை என்பதை முதலிலேயே வரையறுத்துவிடுகின்றார். பெர்னார்டு கடந்துசென்ற எல்லை அதுவே. அதனை எழுதியவர் கையில் ஆயுதமில்லை. அவர் விலங்கிடப்பட்ட கைதி (எபேசியர் 6:20) என்பதையும் நாம் மறத்தலாகாது. கைதியின் வாயில் நம்பிக்கையாக ஒலிக்கும் போர்ச்சொல், அதிகாரமுடையோன் வாயில் அச்சுறுத்தலாக ஒலிக்கும்.

ஆகவே மூன்று செயல்களை நம் ஆயர்களுக்கும் மாணவர்களுக்கும் முன்வைக்கின்றோம். முதலாவதாக, திருச்சபை வரலாற்று வகுப்பில் பெர்னார்டின் நூலையும் விளாட்கோவிட்ஸின் வாதத்தையும் ஒருங்கே வைத்துக் கற்பிக்க வேண்டும். அக்காலத்திலும் வேறு வழி இருந்தது என்று மாணவர் அறியவேண்டும். இரண்டாவதாக, ஊருக்குள் நாம் பயன்படுத்தும் போர்ச்சொற்களை, அவ்வூர் மக்களின் காதுகளால் கேட்டு ஆராய வேண்டும். ஒருகாலத்தில் ஊர் முழுவதையும் படை சூழ்ந்துகொண்ட நினைவுள்ள மண்ணில், முற்றுகை என்னும் சொல் நற்செய்தியாக ஒலிக்குமா? மூன்றாவதாக, பெருங்காமநல்லூரில் மாண்டோரை, இவ்வட்டாரத் திருச்சபைகள் ஆண்டுதோறும் பரிசுத்த சனிக்கிழமை மன்றாட்டில் பெயர்சொல்லி நினைவுகூரலாம். அவர்கள் கிறிஸ்தவரல்லரே என்று தயங்குவோர், எருசலேம் மருத்துவமனையின் தொடக்ககாலப் படுக்கைகளை எண்ணிப் பார்க்கட்டும்.

மருத்துவமனைச் சபையின் மரபில் வந்தவர்கள் இன்றும் பல நாடுகளில் நோயாளிகளுக்குப் பணிபுரிகின்றனர். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த அதன் ஜெர்மானியக் கிளையும் மருத்துவமனைகளை நடத்துகின்றது. அவர்கள் கட்டிய கோட்டைகள் சுற்றுலாப் பயணிகள் கண்டுசெல்லும் இடிபாடுகளாயின. தங்களுக்கு முதலில் அருளப்பட்ட பணி யாது என்பதை அவர்கள் நெடுங்காலம் கழித்துக் கற்றுக்கொண்டனர். உசிலம்பட்டிச் சந்தையிலும், வறண்ட கண்மாய்க் கரையிலும், காவல்நிலைய வாயிலிலும் நிற்கும் மக்களுக்கு ஊழியம் செய்ய அழைக்கப்பட்டுள்ள நாம், அதனைக் கற்க அத்துணைக் காலம் எடுத்துக்கொள்ளலாகாது.